கரை தெரிகிறது, இறங்க முடியவில்லை: கப்பலில் காத்திருப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்

2020 பிப்ரவரி 3. 'டைமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தை அடைந்தது. பயணத் திட்டப்படி மறுநாள் எல்லோரும் இறங்கி அவரவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அதே கப்பலில் பயணித்து ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய ஒரு முதியவருக்குக் கொரோனா இருப்பது பிப்ரவரி 1 அன்று உறுதியாகியிருந்தது. கப்பலில் இருந்த 3,711 பேரையும் ஜப்பான் அரசு இறங்க விடவில்லை. பிப்ரவரி 5 முதல் 14 நாள் தனிமைப்படுத்தல் தொடங்கியது.

அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் பயணிகள் 6 பேர்தான். மீதி 132 பேரும் ஊழியர்கள்.

களியக்காவிளையில் இருந்து பார்த்தால் யோகோஹாமா வெகு தூரம். ஆனால் அந்த 132 பேர் செய்த வேலை நமக்குத் தூரமானதல்ல. சரக்குக் கப்பலில் ஒருவர், உல்லாசக் கப்பலின் சமையற்கட்டில் ஒருவர், வளைகுடா மீன்பிடிப் படகில் ஒருவர் என்று கடலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் குமரி மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. "இந்த மாதம் சைன் ஆஃப், அடுத்த மாதம் வீட்டில் இருப்பேன்" என்று மகன் சொன்ன தேதி தள்ளிப் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த உம்மாவுக்குத்தான் தெரியும். கப்பலில் இருந்து இறங்கத் தாமதமாவது பணக்காரச் சுற்றுலாப் பயணிகளின் பிரச்சினை என்று நாம் கடந்து போய்விட முடியாது.

முதலில் இறங்கியவர் யார், கடைசியில் இறங்கியவர் யார்?

தனிமைப்படுத்தல் என்றால் ஒவ்வொருவரும் தனியாக இருப்பது என்றுதான் பொருள். டைமண்ட் பிரின்சஸில் பயணிகளுக்கு அப்படித்தான் நடந்தது. அவர்கள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் அந்த அறைக் கதவைத் தட்டி உணவு கொடுத்தது யார்? சமைத்தது யார்? எச்சில் தட்டைக் கழுவியது யார்? ஊழியர்கள். அவர்கள் ஓர் அறையில் ஒன்றுக்கு மேற்பட்டோராகத் தங்கினார்கள், ஒரே கூடத்தில் உண்டார்கள், ஒரே கழிப்பறைகளைப் பயன்படுத்தினார்கள். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். பயணிகளைக் காப்பாற்றப் போடப்பட்ட வேலி ஊழியர்களைக் காப்பாற்றவில்லை. இந்திய ஊழியர்கள் சிலர் காணொளி வெளியிட்டு, தங்களை மீட்டுப் போகுமாறு அரசிடம் கெஞ்ச வேண்டி வந்தது.

பிப்ரவரி 19 முதல் பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். பயணிகளுக்குப் பணிவிடை செய்து முடித்த பிறகே ஊழியர்களுக்குத் தனிமைப்படுத்தலும் மீட்பும் வந்தன. பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா சிறப்பு விமானம் 119 இந்தியர்களையும் வேறு நாட்டவர் 5 பேரையும் டெல்லிக்குக் கொண்டு வந்தது. மார்ச் 1 அன்று கப்பல் தலைவர் கடைசி ஆளாக இறங்கினார். மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இது ஒரு கப்பலோடு முடியவில்லை. மார்ச் 14 அன்று அமெரிக்கா உல்லாசக் கப்பல்களுக்குத் தடை போட்டது. பயணிகள் எப்படியோ வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஊழியர்களைச் சாதாரண விமானங்களில் அனுப்பக் கூடாது, நிறுவனங்கள் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. அதற்குச் செலவு அதிகம் என்பதால் ஊழியர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தார்கள். 2020 கடைசியில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாத கடலோடிகள் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் பேர் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. நமக்கு அரிசியும் எண்ணெயும் மருந்தும் அந்தக் கப்பல்களில்தான் வந்துகொண்டிருந்தன.

நோயே இல்லாத கப்பலுக்கும் மூடிய கதவு

அதே பிப்ரவரியில் 'வெஸ்டர்டாம்' என்ற இன்னொரு கப்பல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. ஜப்பான், தைவான், தாய்லாந்து என ஒவ்வொன்றாகக் கதவை மூடின. கடைசியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியா தன் சிஹானூக்வில் துறைமுகத்தில் இடம் கொடுத்தது. இறங்கியவர்களில் ஒருவருக்குத் தொற்று என்று முதலில் செய்தி பரவியது, பிறகு அது தவறான முடிவு என்று தெரிந்தது. வசதி படைத்த நாடுகள் பயந்து ஒதுங்கியபோது, ஒரு ஏழை நாடு கதவைத் திறந்தது.

தடுத்து வைப்பது வேறு, விரட்டுவது வேறு என்பதை இந்த இரண்டு கப்பல்களும் சேர்ந்து சொல்கின்றன. ஜப்பான் தடுத்து வைத்தது. அதில் குறைகள் இருந்தன, ஆனால் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு போனது. வெஸ்டர்டாமுக்கு மற்றவர்கள் செய்தது, 'எங்கேயாவது போ' என்று தள்ளிவிட்டது.

நம் கடற்கரையில் நடந்தது

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஈரானில் படகு முதலாளிகளிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் மாவட்ட மீனவர்கள், அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வேலை நின்றது, விமானம் நின்றது, கையில் இருந்த காசும் தீர்ந்தது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, 'சமுத்திர சேது' திட்டத்தின் கீழ் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளில் இருந்து மொத்தம் 3,992 பேர் கடல் வழியாக ஊர் திரும்பினார்கள்.

களியக்காவிளைக்கு இன்னும் பக்கத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் விழிஞ்ஞம் கடலில் 2020 ஜூலை முதல் ஊழியர் மாற்றம் நடக்கத் தொடங்கியது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நிற்க, சிறு படகில் புதிய ஆட்கள் ஏறினார்கள், பழைய ஆட்கள் இறங்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அங்கே வந்து போயின. மற்ற துறைமுகங்கள் தயங்கிய காலத்தில், பல நாட்டுக் கடலோடிகள் முதலில் மண்ணை மிதித்தது நம் வாசலில்தான்.

தரையில் நாமும் அதை அனுபவித்தோம். களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை என்று வாழ்ந்தவர்கள் திடீரென்று பாஸ் கேட்கப்பட்டார்கள். இஞ்சிவிளையில் பெயர் பதிந்து, காய்ச்சல் பார்த்து, நின்று, திரும்பி, மறுபடி வந்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஊர் இருந்தும் போக முடியாத நிலை என்ன என்பதை எல்லையோர மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹாஜிகளின் கப்பல்களும் காத்திருந்தன

முஸ்லிம் சமுதாயத்துக்கு இது பழைய அனுபவம். 1865-ல் ஹஜ் காலத்தில் பரவிய காலரா ஐரோப்பா வரை சென்றது. அடுத்த ஆண்டு இஸ்தான்புல்லில் உலக நாடுகள் கூடி ஹாஜிகளின் போக்குவரத்தைப் பற்றி விவாதித்தன. 1880களில் செங்கடலில் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையம் அமைத்தது. இந்தியாவில் இருந்து போன ஹஜ் கப்பல்கள் ஜித்தாவுக்கு முன் அங்கே நிற்க வேண்டும். ஹாஜிகள் இறக்கப்பட்டு, உடைகள் நீராவியில் வேகவைக்கப்பட்டு, நாட்கள் எண்ணப்பட்டு, பிறகுதான் விடப்பட்டார்கள். கட்டணமும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. 1995 வரை பம்பாயில் இருந்து கப்பலில் ஹஜ் செய்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கப்பல் நின்றால் மனது என்ன பாடுபடும் என்று அந்தப் பெரியவர்களைக் கேளுங்கள்.

மார்க்கம் வைத்த இரண்டு தட்டுகள்

கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இந்த ஹதீஸை 2020-ல் எல்லா ஜும்ஆ உரைகளிலும் கேட்டோம். தராசின் ஒரு தட்டு இது. இன்னொரு தட்டைப் பற்றி நாம் குறைவாகவே பேசினோம்.

ஒரு பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் செய்தி நமக்குத் தெரியும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தானாக இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அதற்காகவே அவள் தண்டிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள். ஓர் உயிரைத் தடுத்து வைத்தவர், அதன் பசிக்கும் பொறுப்பாளி. ஒரு பூனைக்கே இந்தச் சட்டம் என்றால், ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கடலில் தடுத்து வைக்கும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் என்ன சட்டம் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் வந்தது. சர்ஃ என்ற இடம் வரை போன கலீஃபா, தோழர்களிடம் கலந்து பேசித் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியில் இருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியில் இருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். நோய்ப் பகுதியில் சிக்கிய படையை உமர் (ரலி) மறந்துவிடவில்லை. தாழ்வான, ஈரமான இடத்தை விட்டு மேட்டுப்பாங்கான, நல்ல காற்றுள்ள இடத்துக்கு அவர்களை மாற்றுமாறு கடிதம் எழுதினார்கள். அபூ உபைதாவை (ரலி) மட்டும் தனியாக அழைத்துக்கொள்ளப் பார்த்தபோது, தன் வீரர்களை விட்டு வர மாட்டேன் என்று அவர் மறுத்து, அங்கேயே மரணித்தார். தலைவன் கடைசியில் இறங்க வேண்டும் என்ற கடலோடிகளின் மரபு நமக்குப் புதிதல்ல.

நோய் வந்த ஊரில் அல்லாஹ்வை நம்பிப் பொறுமையோடு தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்றும் நபிமொழி சொல்கிறது. அதாவது, தடுத்து வைக்கப்பட்டவர் குற்றவாளி அல்லர். மற்றவர்களின் நலனுக்காகத் தன் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தவர். அவருக்குக் கரையில் இருப்பவர்கள் கடன்பட்டவர்கள்.

ஃபிக்ஹு நூல்களைப் பாருங்கள். 'இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம்' என்ற நிலையில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்ட பயணிக்குத் தனிச் சட்டமே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அவர் 18 நாட்கள் வரை கஸ்ரு செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் 15 நாள் தங்குவதாக முடிவு செய்யாத வரை பயணியாகவே இருப்பார். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் சொத்து இருந்தாலும், வழியில் கையறுந்து நின்றால் வீடு போய்ச் சேரும் அளவுக்கு அவருக்கு உரிமை உண்டு. தாமதமாகி நிற்கும் மனிதனை நம் மார்க்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்திருக்கிறது.

ஒரே நோய், இரண்டு பெயர்கள்

2020 மார்ச்சில் நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்ததையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ரயில் நின்றது, விமானம் நின்றது, ஊரடங்கு வந்தது. உள்ளே இருந்தவர்கள் கிளம்ப முடியாமல் சிக்கினார்கள். கப்பலில் சிக்கியவர்களை உலகம் 'பயணிகள்' என்றும் 'நோயாளிகள்' என்றும் அழைத்தது. மர்கஸில் சிக்கியவர்களை நம் ஊடகங்கள் பல 'பரப்பியவர்கள்' என்று அழைத்தன. அதன் வலியைக் காய்கறி வண்டி தள்ளிய முஸ்லிம் வியாபாரி வரை சுமந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து!

இதை மனக்கசப்புக்காகச் சொல்லவில்லை. பழி சுமத்தப்பட்ட அனுபவம் உள்ள சமுதாயம், இன்னொருவர் மீது பழி விழும்போது முதலில் எழுந்து பேச வேண்டும். நோயோடு வரும் கப்பலைப் பார்த்து 'திருப்பி அனுப்பு' என்று நாமும் வாட்ஸ்அப்பில் எழுதினால், நாம் எதையும் கற்கவில்லை என்று பொருள்.

நோய் போனது, தாமதம் போகவில்லை

இப்போது தாமதத்துக்கு வேறொரு காரணம் பெருகியிருக்கிறது. கப்பல் முதலாளி கடனில் மூழ்குகிறார், அல்லது ஆளையே காணோம். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, இறங்க அனுமதியும் இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 பேர் இப்படிக் கைவிடப்பட்டார்கள். எந்த நாட்டையும் விட அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியர்கள், 899 பேர்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒருவரைத் தொடர்ந்து 12 மாதம் கப்பலில் வைத்திருக்கக் கூடாது, அதற்குள் ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே 'கைவிடப்பட்டவர்' என்று முறையிடலாம். நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீட்டில் இருந்து பெற வழி உண்டு. உல்லாசக் கப்பலில் தட்டு கழுவுபவரும் அறை துடைப்பவரும் இந்த உடன்படிக்கையில் கடலோடிகள்தான்.

ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு 2007-ல் தனியாக ஓர் உடன்படிக்கை உருவானது, அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஈரானிலும் மற்ற வளைகுடா நாடுகளிலும் கடலுக்குப் போகும் குமரி மீனவர்களுக்கு இது பெரிய ஓட்டை. மத வேறுபாடு பார்க்காமல் நம் மாவட்டத்து எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.க்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டிலும் ஜமாஅத்திலும் செய்ய வேண்டியவை

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் பெற்றோர் சில காரியங்களைச் செய்தே ஆக வேண்டும். ஏஜென்டுக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை வாங்கித் தரக் கடலோடியிடம் பணம் வாங்குவது உடன்படிக்கைக்கு விரோதம். நகையை விற்று லட்சம் கொடுத்தால், அதைச் சட்டத்துக்கு வெளியே கொடுக்கிறீர்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கொடி, முதலாளி யார், காப்பீடு செய்தவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைவிடப்பட்டால் உதவும் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறிய முதல் வாரமே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் மாதச் சம்பளம் தவறினால் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று ஆறு மாதம் ஓட்ட வேண்டாம்.

ஜமாஅத்துகளுக்கும் வேலை இருக்கிறது. மஹல்லாவில் யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு கூட நம்மில் பல ஊர்களில் இல்லை. திருமணப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒன்று வைக்கலாம். சம்பளம் நின்றுபோன வீட்டுக்குப் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் பைத்துல்மாலில் இருந்து கிடைக்க வேண்டும், அந்தப் பெண்மணி வந்து கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் இருந்தால் போதும், தூதரகத்துக்கும் கப்பல் துறைக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு போய்ச் சேரும்.

உல்லாசக் கப்பலில் பயணியாகப் போகும் குடும்பங்களும் இப்போது கூடியிருக்கின்றன. கூடுதல் நாட்களுக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இறங்கும் அன்றே விமானம் போடாதீர்கள். தாமதம் ஆனால் உணவு கொண்டு வரும் பையனிடம் கோபப்படாதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் தள்ளிப் போனால், அவனுக்கு எத்தனை மாதம் தள்ளிப் போயிருக்கிறதோ!

கதவை அடைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. சில நேரம் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அடைத்த கதவுக்கு உள்ளே இருப்பவருக்குச் சோறு, சம்பளம், மருந்து, 'எப்போது விடுவோம்' என்ற நேர்மையான பதில், இந்த நான்கும் போய்ச் சேர வேண்டும். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

கடலில் காத்திருக்கும் ஒவ்வொருவரையும் வல்ல அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக. அவர்களுக்காகக் கரையில் செய்ய வேண்டியதைச் செய்யும் மனதை நமக்குத் தருவானாக.